கோட்டைக்கு வரச் சொன்னால்

அய்யாவு காரை விட்டு இறங்கவில்லை.

செல்வராணி கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் ஹோட்டல் ஆள் ஒருவன், நேப்பாளி, வெயிலுக்கு விரித்த குடையோடு காத்திருந்தான். இறங்காத ஆளுக்கு எவ்வளவு நேரம் குடை பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றான். அதுதான் அவன் வேலை.

“இறங்குங்கப்பா. வந்தாச்சு.”

“இது கோட்டைல்ல?”

“கோட்டைதான். இப்ப ஹோட்டல் ஆயிடுச்சு. யுகேன் நமக்கு ரூம் போட்டிருக்கான்.”

“பின்பக்கமா விடு. இந்த வழியா துரை காரு மட்டுந்தான் வரும்.”

“துரையெல்லாம் செத்துப் போயிட்டாருப்பா.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கிழவர் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எப்ப?” என்றார். முகத்தில் வருத்தம் இல்லை, பயம்தான் இருந்தது. புதுத் துரை வந்தால் முதல் மாதத்திலேயே ஆள் குறைப்பார்கள். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும்.

மலேசியாவில் யோங் பெங்கிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அதன் மேட்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் நாட்டில் இருப்பதைப் போலவே கல்லால் கட்டிக்கொண்ட வீடு இது. இரண்டு மூலையிலும் உருண்டைக் கோபுரம், மேலே பல் பல்லாக வெட்டிய மதில், வாசலில் லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு வளைவு. தோட்டத்துச் சனங்கள் இதை பங்களா என்று சொன்னதே இல்லை, கோட்டை என்றுதான் சொன்னார்கள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. பிறகு நிலமும் கைமாறியது. வேலைக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளினார்கள். கோட்டை மட்டும் வௌவால்களோடு நின்றது. பிறகு யாரோ பெரிய ஆள் வாங்கி, குளிர்சாதனமும் நீச்சல் குளமும் வைத்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயரும் வைத்தார். சனி ஞாயிறுகளில் சிங்கப்பூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள்.

அய்யாவு இந்த மேட்டைச் சுற்றி முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். உள்ளே போனதில்லை.

“அப்பா ஒரு நாளாவது அந்தக் கோட்டைக்குள்ள படுத்துத் தூங்கணும்க்கா,” என்று ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து தம்பி யுகேந்திரன் போனில் சொல்லியிருந்தான். “ஹோமுக்குப் போறதுக்கு முன்னாடி. என் கணக்குல.”

அந்த முதியோர் ஹோம் கூலாயில் இருந்தது. நாளை மதியத்துக்குள் அப்பாவைக் கொண்டுபோய் விடவேண்டும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார், மறுபடி சொல்லவேண்டியிருக்கும் என்று செல்வராணி தனக்கே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மாசாயில் ஐந்தாவது மாடி வீடு. விடியுமுன் தொழிற்சாலை பஸ் பிடித்து, பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். புருஷன் சுகுமாறன் வடக்கே லாரி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். அப்பா இருமுறை அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சி தேடப் போய் மறந்துவிட்டார். ஒருமுறை கைலியோடு பாசீர் கூடாங் நெடுஞ்சாலை ஓரம் நடந்து போய்க்கொண்டிருந்தவரை போலீஸ் கூட்டிவந்தது. அதற்குப் பிறகு அவள் காஸ் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பிக் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவர் கதவைப் பிடித்து ஆட்டிக் கத்துவார். கீழ்வீட்டு மலாய்க்காரப் பெண், நல்லவள்தான், ஒருநாள் படியில் நிறுத்தி, “காசியான் லா காக்கா,” என்றாள். பாவம் என்றது யாரை என்று செல்வராணி கேட்கவில்லை.

ஒருவழியாக அய்யாவு இறங்கினார். இறங்கியதும் சிலிப்பரைக் கழற்றி, சரளைக் கல்லில் ஓரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தார். வெறுங்காலோடு நடந்தார். நேப்பாளிக்காரன் அந்த ரப்பர் சிலிப்பரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

உள்ளே குளிர் எலும்பில் பட்டது. ஒரு பெண் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து, ஈரத் துண்டும் சின்னக் கண்ணாடிக் குவளையில் எலுமிச்சம்புல் வாசமடிக்கும் செரைத் தண்ணீரும் நீட்டினாள். அய்யாவு பின்வாங்கினார். கோட்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டையில் விஜயேந்திரன் என்று பெயர் குத்தியிருந்தது. ட்யூட்டி மேனேஜர்.

“வணக்கம் அங்கிள். வாங்க, வாங்க. உட்காருங்க. பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?”

அய்யாவு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “ஐயா, நான் ஒரு தப்பும் பண்ணலங்க,” என்றார்.

விஜயேந்திரன் செல்வராணியைப் பார்த்தார்.

“மறதி வியாதி சார். இங்கதான் முன்ன வேலை செஞ்சாரு. கொஞ்சம் மாத்தி மாத்திப் பேசுவாரு.”

“ஓ, நம்ம எஸ்டேட்லயா? கிரேட் லா. வெல்கம் பேக் அங்கிள்.” அவர் கை நீட்டினார். அய்யாவு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை.

அறைக்குப் போகும் வழியில் நீளமான வராந்தா. சுவர் ஓரமாக வரிசையாகப் பழைய பால் மங்குகளை இரும்பு வளையத்தில் மாட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஓர்க்கிட் பூ வைத்திருந்தார்கள். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற அதே மண் மங்குதான். அய்யாவு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அறை பெரிது. நாலு பேர் படுக்கிற கட்டில், அதன்மேல் ஆறு தலையணை. சன்னல் வழியே செம்பனை கடல் மாதிரி தெரிந்தது. செல்வராணிக்குக் கூடக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். குளியல் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அலமாக், இதில் ஒரு ஆட்டையே குளிப்பாட்டலாம் என்று நினைத்தாள். திரும்பியபோது அப்பா வாசல் கதவை ஒட்டித் தரையில் குந்தியிருந்தார். அவருடைய பெட்டியை முழங்காலுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்திருந்தார்.

“கட்டில்ல வந்து உட்காருங்கப்பா.”

“காளி, இங்க வா,” என்றார். அம்மாவின் பெயர் காளியம்மா. செத்து எட்டு வருடம் ஆகிறது. “ஒண்ணும் மறைக்காத. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“காலையில என்னக் குளிப்பாட்டுன. தலைக்கு எண்ண வச்ச. வெள்ளச் சட்ட போட்டு விட்ட. என் துணியெல்லாம் மடிச்சிப் பெட்டியில வச்ச, ஒண்ணு விடாம. அப்புறம் கோட்டைக்குக் கூட்டியாந்துட்ட.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பேர வெட்டிட்டாங்களா?”

செல்வராணிக்கு அப்போதுதான் புரிந்தது. சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அந்தத் தோட்டத்தில் தீபாவளி அன்று எல்லாரும் மாலையோடு கோட்டை வாசலுக்குப் போவார்கள், அது சந்தோஷம். மற்ற நாளில் தனி ஆளைக் கோட்டைக்கு வரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கணக்கிலிருந்து பேரை வெட்டி வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு மேட்டில் ஏறவேண்டும். அவன் திரும்பி இறங்குவதற்குள் பெண்டாட்டி பெட்டி கட்டியிருக்கவேண்டும். பேர் வெட்டிய ஆள் அன்று இரவு லயத்தில் தங்கக் கூடாது. அய்யாவுவின் அண்ணன் மருதை அப்படித்தான் போனான். வேலை வாங்குகிற மண்டோரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினான், அவ்வளவுதான். பெண்டாட்டி பிள்ளைகளோடும் ஒரு ஆட்டோடும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போனது. சிகாமட் பக்கம் என்று சொன்னார்கள். அப்புறம் தகவலே இல்லை.

“அதெல்லாம் இல்லப்பா. சும்மா தங்கிட்டுப் போக வந்தோம்.”

“அந்த ஐயா எவ்ளோ மரியாதயாப் பேசுனாரு, பாத்தியா? வாங்க, உட்காருங்கன்னாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. மருதண்ணனுக்கும் அப்படித்தான். கணக்கு எழுதுற பெரிய கிராணி நாற்காலி போட்டாராம். வேலையில இருக்கிறவன எவன் உட்காரச் சொல்லுவான்?”

செல்வராணி தரையில் உட்கார்ந்து பெட்டியை வாங்கப் பார்த்தாள், அவர் விடவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல காளி. நான் எங்கயாச்சும் கெடப்பேன். ராணி படிக்குது. இந்த வருஷம் பரிட்ச. பாதியில இழுத்துட்டுப் போனா புள்ள கெட்டுரும். நீ போய் அம்மா கிட்டச் சொல்லு, துரையம்மா கிட்ட. பொம்பள சொன்னா கேப்பாங்க.”

அந்த ராணிதான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பரிட்சையில் அவள் தேறவும் இல்லை.

போன் அடித்தது. வீடியோவில் யுகேந்திரன். பின்னால் அவன் வீட்டுச் சமையலறை வெள்ளையாகத் தெரிந்தது.

“அக்கா, எப்படி இருக்கு? சூப்பர்ல? அப்பா எங்க? கட்டில்ல படுக்க வச்சு ஒரு போட்டோ எடு. பிள்ளைங்க கேக்குதுங்க.”

“படுக்க மாட்டேங்கிறாருடா.”

“ஏன்? மெத்த ஒத்துக்கலயா?”

“பேர வெட்டக் கூட்டியாந்திருக்கேன்னு நினைக்கிறாரு.”

“என்ன வெட்ட?”

யுகேந்திரன் லயத்தை விட்டு வந்தபோது கைக்குழந்தை. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் விளக்கினாள். “கொஞ்ச நேரத்துல மறந்துருவாருக்கா. நல்லா சாப்பிட வை. அங்க பிரியாணி நல்லாருக்காம், ரிவ்யூ பாத்தேன்,” என்றான்.

“ஒண்ணு கேக்கவா? நீ ஒரு மாசம் வந்து பாத்துக்க முடியுமா? ஒரே மாசம். அதுக்குள்ள நான் வேற ஏதாச்சும்…”

“அக்கா, இதப் பேசி முடிச்சாச்சுல்ல.”

“பேசி முடிச்சாச்சுதான்.”

“போட்டோ மட்டும் எடு,” என்றான்.

பிரியாணி வந்தது. வெள்ளி மூடி போட்ட தட்டில் வந்தது. அய்யாவு தொடவில்லை. நேற்று இரவிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று அவள் பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவள் நல்லது என்று நினைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. செல்வராணி குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் இடி விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, பெட்டி மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

வராந்தாவுக்கு ஓடினாள். அய்யாவு அங்கே இருந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று அவள் நினைத்ததில்லை. சுவரோரம் மாட்டியிருந்த மங்குகளை வளையத்திலிருந்து எடுத்து, கவிழ்த்து, அடுத்ததற்குப் போனார். எடுத்தார், கவிழ்த்தார், நகர்ந்தார். மழை வருகிறதென்றால் வெட்டுக்காரன் தன் மர நிரையில் ஓடிப்போய் மங்கைக் கவிழ்க்கவேண்டும். இல்லையென்றால் மங்கில் தண்ணீர் நிற்கும், மறுநாள் பால் கெடும், மண்டோர் வாயில் வந்ததைச் சொல்வான். தண்ணீரும் ஓர்க்கிட் பூவும் கம்பளத்தில் கிடந்தன. ஒரு மங்கு தரையில் உருண்டு இரண்டாக உடைந்திருந்தது. வராந்தாக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பம் எழுந்து நின்று பார்த்தது. அவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

“அப்பா, விடுங்க. இது பால் மங்கு இல்ல. பூச்சட்டி.”

“மழ வருது, நீ அந்தப் பக்கம் எடு, நிக்காத.”

நேப்பாளிக்காரன் வந்து அவர் கையைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். அய்யாவு தன்னைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். உடைந்த மங்கைப் பார்த்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக் கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப வெட்டிருவாங்க,” என்றார். “இப்ப நிச்சயமா வெட்டிருவாங்க.”

விஜயேந்திரன் அவசரமாக வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முதலில் சீனக் குடும்பத்திடம் போய்ச் சாரி சொன்னார். பிறகு இவர்களிடம் வந்தார். “பரவாயில்ல மேடம், பரவாயில்ல. உடஞ்சது பரவாயில்ல. ஆனா மத்த கெஸ்ட் எல்லாம் இருக்காங்க, நீங்க கொஞ்சம் ரூம்லயே…”

“சார், ஒரு உதவி செய்யணும்.”

“சொல்லுங்க.”

“அவர் பேர வெட்டலன்னு நீங்க சொல்லணும்.”

“நானா?”

“நீங்கதான கோட்டு போட்டிருக்கீங்க.”

அவளுக்கே தன் குரல் கடுமையாகக் கேட்டது. அவரைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். விஜயேந்திரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கு எஸ்டேட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம். எங்க தாத்தா யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து ரயில்வேல கிளார்க்கா இருந்தாரு. நான் சிரம்பான் டவுன்ல வளந்தவன்.”

“தெரிய வேணாம் சார். ‘அய்யாவு, உன் பேர் இருக்கு. நாளைக்குப் பெரட்டுக்கு வா’ன்னு சொன்னாப் போதும்.”

“பெரட்டு?”

“விடியக்காலைல ஆள் கணக்கெடுப்பாங்கல்ல, அது.”

விஜயேந்திரன் அய்யாவுவின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். “அங்கிள்,” என்றார். பிறகு, “ஐயா, உங்க பேர் இருக்கு. நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க. கவலப்படாதீங்க,” என்றார்.

அய்யாவு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நம்ப மாட்டாரு சார்,” செல்வராணி தாழ்ந்த குரலில் சொன்னாள். “மரியாதயாச் சொன்னா நம்ப மாட்டாரு. வா போன்னு சொல்லுங்க. கொஞ்சம் திட்டுங்க.”

“மேடம், என் அப்பாவ விடப் பெரியவரு. ஸ்டாஃப் எல்லாம் பாக்கறாங்க.”

“சார், நேத்து ராத்திரியிலேர்ந்து அவர் சாப்பிடல.”

வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது. விஜயேந்திரன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார். “டேய் அய்யாவு. எதுக்குடா இங்க உக்காந்து அழுவுற? உன் பேர் இருக்கு. நாளைக்குப் பெரட்டுக்கு வா. லேட்டா வந்தா உதைப்பேன். போ.”

கிழவர் எழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை, அவரே எழுந்தார். “லயம், ஐயா?”

“லயமும் இருக்கு. போ.”

“சரிங்க ஐயா.” அவர் முகம் அப்படியே திறந்துகொண்டது. குனிந்து மேனேஜர் காலைத் தொடப் போனார். விஜயேந்திரன் நெருப்பை மிதித்தவர் போல விலகி, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போய்விட்டார்.

அந்தப் பிரியாணி ஆறிப் போயிருந்தது. அய்யாவு தரையில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, “திட்டுனாலும் நல்ல மனுசன். பச்சப் புள்ள மாதிரி மூஞ்சி,” என்றார். பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் அடுக்கினார். இனி பெட்டிக்கு என்ன வேலை. பிறகு கம்பளத்தில் கால் நீட்டிப் படுத்து, பொழுது சாயுமுன்பே தூங்கிப் போனார். செல்வராணி கட்டிலில் படுத்தாள். யுகேந்திரனுக்கு வெறும் கட்டிலைப் படம் எடுத்து அனுப்பினாள்.

காலையில் அவர் அவளுக்கு முன்பே எழுந்து, முகம் கழுவி, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். இவ்வளவு தெளிவாக அவரைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. “என்ன காளி, தேத்தண்ணி இல்லையா?” என்று கிண்டல் செய்தார். செல்வராணி அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஹோம் நடத்துகிற தனலெட்சுமி எடுத்த எடுப்பிலேயே, “கெளம்பிட்டீங்களா?” என்றாள்.

“இல்லக்கா. ஒரு வாரம் தள்ளிக்கலாமான்னு…”

“தள்ளலாம்மா, ஏன் தள்ளக்கூடாது. ஆனா இடம் இருக்காது. பொந்தியான்லேர்ந்து ஒரு ஆள் காலையிலேர்ந்து மூணு தடவ போன் அடிச்சிட்டாரு, அவங்க அம்மாவுக்கு. இன்னிக்கு மத்தியானம் நீங்க வரலன்னா அவங்களுக்குக் குடுத்துருவேன். அப்புறம் எப்ப ஒழியும்னு நான் சொல்ல முடியாதுல்ல. ஒழியறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.”

“அவர் நேத்துலேர்ந்துதான் கொஞ்சம் நல்லா இருக்காருக்கா.”

“எல்லாரும் வர்ற அன்னிக்கு நல்லாத்தான் இருப்பாங்க,” என்றாள் தனலெட்சுமி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

செல்வராணி குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். புருஷனைக் கூப்பிட்டாள். லாரி சத்தத்துக்கு நடுவே அவன், “உனக்கு என்ன தோணுதோ செய் ராணி,” என்றான். அதாவது அவனிடமும் ஒன்றும் இல்லை. நாளைக் காலை அவள் பஸ் ஏறவேண்டும். லீவு கேட்டுக் கேட்டு சூப்பர்வைசர் ஏற்கெனவே முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வேலையை விட்டால் வீட்டுக் கடன் நிற்கும், வீடு போகும். விடாவிட்டால் கம்பிக் கதவு. அவர் அதைப் பிடித்து ஆட்டுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் அவரை எங்கோ பூட்டவேண்டியிருந்தது.

வெளியே வந்து, அவர் அடுக்கி வைத்த துணிகளை மறுபடி பெட்டியில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு எடுத்து வைக்கிற?”

“துவைக்கணும்பா.”

“ஓ.”

கீழே கவுன்டரில் விஜயேந்திரன் இல்லை. ஷிப்ட் முடிந்து போய்விட்டாராம். அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. நேப்பாளிக்காரன் குடை பிடித்துக் கார்வரை வந்தான். அய்யாவு இந்தத் தடவை தானே ஏறி உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினாள். ஆயர் ஈத்தாம், மாச்சாப், சிம்பாங் ரெங்கம் என்று பலகைகள் வந்து வந்து போயின. ஒவ்வொரு வெளிவழியிலும் வலது காலை லேசாக எடுத்தாள், பிறகு அழுத்தினாள். பக்கத்தில் அவர் எதிர்ப்பட்ட செம்பனைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டு வந்தார். இது பராமரிப்பு இல்லை, அது பரவாயில்லை, இதில் குலையை நேரத்துக்கு வெட்டவில்லை. கூலாய் வழி வந்தது. அவள் கை தானாக சிக்னலைப் போட்டது.

ஹோம் என்பது பழைய ஒற்றைமாடி வீடும், அதன் பின்னால் தகரம் போட்டு நீட்டிய இரண்டு கூடங்களும்தான். முன்னால் கம்பிவேலி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து கிழவர்கள் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கால் நாற்காலியோடு துணியால் கட்டியிருந்தது. விழாமல் இருக்க.

“இறங்குங்கப்பா.”

அய்யாவு இறங்கவில்லை. “இது யாரு வீடு?”

“கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்.”

“பெரட்டு முடிஞ்சிருக்கும். ஐயா லேட்டா வரக்கூடாதுன்னு சொன்னாரு. திருப்பு வண்டிய.” அவர் கோபப்படவில்லை. வேலையில் இருக்கிற ஆளின் நிதானத்தோடு சொன்னார். “எனக்குப் பேர் இருக்குல்ல. இங்க எதுக்கு வந்து நிக்கணும்?”

செல்வராணி என்ன சொன்னாலும் நேற்று அவள் சொல்ல வைத்த பொய் முன்னால் வந்து நின்றது. அவர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். கிழட்டு விரல்கள்தான், ஆனால் பால் வெட்டும் உளி பிடித்த விரல்கள். பிரியவில்லை. அவள் அழுதுவிட்டாள்.

தனலெட்சுமி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். பருத்த பெண், கைலியும் டீ சட்டையும், கையில் பாதி உரித்த வெங்காயம். செல்வராணியை ஒரு பார்வை பார்த்தாள். கிழவரை ஒரு பார்வை பார்த்தாள். “எந்தத் தோட்டம்?” என்று செல்வராணியைக் கேட்டாள்.

“ஒம்பதாங்கட்டை.”

“பேர்?”

“அய்யாவு.”

தனலெட்சுமி குனிந்து காருக்குள் தலையை விட்டாள். “யோவ் அய்யாவு. எவ்ளோ நேரம்யா காருக்குள்ள உக்காந்திருப்ப? வேலி ஓரமா புல்லு இடுப்பு உயரம் வளந்து கெடக்கு. உன்னத்தான் அனுப்பறேன்னு சொன்னாங்க. பாக்கறதுக்கு ஆள் தேறாது போலருக்கே.”

அய்யாவு அவளைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. “வெளிக்காட்டு வேலையா?”

“ஆமா, வெளிக்காடுதான். வெட்டுக்காரனுக்குப் புல்லு புடுங்கக் கேவலமோ?”

“கேவலம் என்ன. இந்த வேலையும் செஞ்சிருக்கேன்.” பெல்ட்டைத் தானே கழற்றினார். இறங்கி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். வேலியைப் பார்த்து நடந்தார். புல் கணுக்கால் உயரம்கூட இல்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஒரு கோடியில் குந்தி, வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பக்கத்தில் வைக்க ஆரம்பித்தார். சுத்தமாகச் செய்தார்.

“இங்க பாதிப் பேர் இப்படித்தான்மா,” என்றாள் தனலெட்சுமி. “பெட்டியக் குடுங்க. நீங்க இப்பவே போயிருங்க. வேலை செய்யறப்ப போனாத் தெரியாது.”

செல்வராணி பெட்டியைக் கொடுத்தாள். போகவில்லை. வேலிவரை நடந்து போய் அவருக்குப் பின்னால் நின்றாள். நிழல் தன்மேல் விழுந்ததும் அய்யாவு அண்ணாந்து பார்த்தார். இந்த முறை காளி என்றோ ராணி என்றோ கூப்பிடவில்லை. வேலை இடத்தில் வந்து நிற்கிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, அவளுக்கு அப்பால் நின்ற தனலெட்சுமியிடம் கேட்டார்.

“ஏம்மா, வேல எத்தன மணிக்கு விடும்? வீட்டுக்குப் போவணும்.”

தனலெட்சுமி செல்வராணியைப் பார்த்தாள். செல்வராணி தரையைப் பார்த்தாள். நாற்காலிக் கிழவர்களில் ஒருவர், பதில் தனக்கும் வேண்டும் என்பது போல, காதை இந்தப் பக்கம் சாய்த்தார்.

“சொல்றேன், சொல்றேன்,” என்றாள் தனலெட்சுமி. “நீ முதல்ல அந்த ஓரத்த முடி.”